தமிழ்க் குடும்பத்தின் வேர்களை இணையத்தில் தேடுவது எப்படி: பகுதிவாரியாக ஒரு முழுமையான வழிகாட்டி

தேடல் பெட்டியில் கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தட்டிப் பார்ப்பதில்தான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். ஆயிரம் முத்துசாமிகள் வந்து விழுவார்கள். நம்முடையவர் அதில் இருக்கமாட்டார். தமிழர்களுக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கி, அடுத்த தலைமுறையில் மறைந்தே போகிறது. அதனால் பெயரை வைத்துத் தேடும் மேலைநாட்டு வழிமுறை நமக்கு அப்படியே பொருந்தாது. நாம் தேட வேண்டியது இடத்தை. ஒருவர் எந்த ஊரில் பிறந்தார், எந்த ஊருக்குப் போனார் என்று தெரிந்தால், அந்த இடத்தை ஆண்ட அரசு எந்தப் பேரேட்டில் அவரை எழுதியிருக்கும் என்று கண்டுபிடித்துவிடலாம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கடல் கடந்து கூலியாகப் போனவரைப் பற்றி விரிவாக எழுதி வைத்தார்கள்: தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரை. ஊரிலேயே இருந்தவரைப் பற்றி அப்படி யாரும் எழுதவில்லை. அவருடைய நிலத்தைத்தான் எழுதினார்கள். ஆகவே, போனவரைக் கப்பல் பேரேட்டிலும், இருந்தவரை நிலப் பேரேட்டிலும் தேட வேண்டும்.

முதல் படி: வீட்டில் இருக்கும் காகிதங்கள்

இணையத்துக்குப் போகும் முன் மூன்று தகவல்களைத் திரட்டுங்கள்: ஊர், எண், ஆண்டு. ஊர் என்றால் வருவாய்க் கிராமத்தின் பெயரும் வட்டமும். பிறந்த ஊர் தெரியவில்லை என்றால் குலதெய்வக் கோயில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பிழைக்க எங்கெங்கோ போன குடும்பங்கள்கூட குலதெய்வத்தை மறப்பதில்லை. பல கோயில்களில் தலைக்கட்டு வரி நோட்டு இன்றும் இருக்கிறது. அதில் குடும்பத் தலைவர்களின் பெயர்கள் பங்காளி வகையறாவாக வரிசைப்பட்டிருக்கும்.

எண் என்றால் எந்த எண்ணும்: பழைய பத்திரத்தின் ஆவண எண், புல எண், பட்டா எண், கடவுச்சீட்டு எண், கடல் கடந்து போன ஒப்பந்தத் தொழிலாளரின் எண். நேட்டாலிலும் (இன்று தென்னாப்பிரிக்காவின் ஒரு பகுதி) மொரீஷியஸிலும் குடியேறியவருக்குக் கொடுத்த எண் அவருடைய பிள்ளைகளின் பிறப்பு, திருமணப் பதிவுகளிலும் தொடர்ந்து வரும். பெயர் பத்து விதமாக மாறினாலும் எண் மாறாது. பழைய சான்றிதழின் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கிய எண்ணைக்கூட விட்டுவிடாதீர்கள்.

ஆண்டில் கவனம் தேவை. பழைய நிலக் காகிதங்களில் பசலி ஆண்டுதான் இருக்கும். அது ஜூலை 1-இல் தொடங்கும். 590-ஐக் கூட்டினால் தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. கன்னியாகுமரி மாவட்டப் பகுதி 1956 வரை திருவிதாங்கூர் வழியில் இருந்ததால் அங்கே கொல்லம் ஆண்டு வரும். அதற்கு 824 அல்லது 825 கூட்ட வேண்டும். ‘விரோதி வருஷம்’ என்பதுபோலத் தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருந்தால், அறுபதாண்டுச் சுழற்சியில் எது என்று வேறு ஆதாரத்தால் உறுதி செய்யுங்கள். விரோதி 1889-இலும் வரும், 1949-இலும் வரும். இங்கே தவறினால் ஒரு தலைமுறை முழுக்கத் தள்ளிப் போய்விடும்.

இரண்டாம் படி: பழைய மாவட்டத்தை இன்றைய வரைபடத்தில் பொருத்துதல்

கப்பல் பேரேட்டில் ‘ஜில்லா: வட ஆற்காடு’ என்று பார்த்தவுடன் வேலூரில் தேடத் தொடங்கிவிடக் கூடாது. அந்த மாவட்டம் 1989-இல் பிரிந்து ஒரு பகுதி திருவண்ணாமலை ஆனது. மற்ற பகுதியிலிருந்து 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வந்தன. அதைவிட முக்கியமாக, சித்தூர் பகுதி 1911 வரை வட ஆற்காட்டுக்குள்தான் இருந்தது. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன ‘வட ஆற்காட்டுக்காரர்’ இன்றைய ஆந்திராவின் சித்தூர், பலமனேர், சந்திரகிரிப் பக்கத்துத் தெலுங்கராகவும் இருக்கலாம். வட்டத்தின் பெயரைப் படித்த பிறகே முடிவு செய்யுங்கள்.

தென் ஆற்காடு 1993-இல் கடலூர், விழுப்புரம் எனப் பிரிந்தது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனியானது. செங்கல்பட்டு மாவட்டம் 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் ஆகி, 2019-இல் மீண்டும் செங்கல்பட்டு என்ற பெயரில் ஒரு மாவட்டம் வந்தது. பழைய செங்கல்பட்டும் இன்றைய செங்கல்பட்டும் ஒன்றல்ல. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் 1991-இல் பிரிந்தது. அதன் பின் திருவாரூரும் மயிலாடுதுறையும். சேலத்திலிருந்து தருமபுரி 1965-இலும் நாமக்கல் 1997-இலும் பிரிந்தன; தருமபுரியிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி. திருச்சியின் பழைய எல்லைக்குள் கரூரும் பெரம்பலூரும் அரியலூரும் அடக்கம்.

கிராமத்தின் பெயர் சிதைந்து எழுதப்பட்டிருந்தால், இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் சென்னை மாகாணக் கிராமங்களின் அகரவரிசைப் பட்டியலையும் மாவட்டக் கையேடுகளையும் தேடுங்கள். வட்டம் வாரியாக எல்லாக் கிராமங்களும் அன்றைய ஆங்கில எழுத்தில் இருக்கும். 1951, 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளும் இதற்கு உதவும். முதலில் வட்டத்தை உறுதி செய்துகொண்டு, அந்த வட்டத்தின் பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை வாய்விட்டுப் படியுங்கள். எழுத்தர் காதால் கேட்டு எழுதியதைக் கண்ணால் தேடினால் கிடைக்காது. ஒலியால் தேடினால் கிடைக்கும். ஒரே வட்டத்தில் ஒரே பெயரில் இரண்டு கிராமங்கள் இருப்பதும் சாதாரணம். மேல், கீழ், பெரிய, சின்ன, புதூர் போன்ற அடைமொழிகளை எழுத்தர்கள் அடிக்கடி விட்டுவிட்டார்கள்.

மூன்றாம் படி: ஒரு பெயரின் பத்து முகங்கள்

முத்துசாமி என்ற ஒரே பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். மலேயாவில் ‘உ’ ஒலிக்கு ‘யூ’ என்ற ஓர் ஆங்கில எழுத்து. மொரீஷியஸிலும் நேட்டாலிலும் பல இடங்களில் இரட்டை ‘ஓ’. குவாதலூப்பிலும் ரீயூனியனிலும் பிரெஞ்சு வழக்கப்படி ‘ஓ’வும் ‘யூ’வும் சேர்ந்து வரும், ‘சாமி’க்கு முன்னால் இரண்டு ‘எஸ்’. ஆக, மூன்று இடங்களில் மூன்று குடும்பப் பெயர்கள் போலத் தோன்றும். கவுண்டர் தென்னாப்பிரிக்காவில் கோவெண்டர் ஆனார். நாயுடு அங்கே இரட்டை ‘ஓ’ போட்டு எழுதப்படுகிறார். ஒருவரின் சொந்தப் பெயரே அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயராகிவிடுவதும் இந்த நாடுகளில் வழக்கம்.

ஆகவே தேடும்போது உயிரெழுத்துகளை நம்பாதீர்கள். ஃபேமிலி சர்ச் போன்ற தளங்களில் நட்சத்திரக் குறி எத்தனை எழுத்துக்கும், கேள்விக்குறி ஒரே ஓர் எழுத்துக்கும் ஈடாக நிற்கும். ‘எம், நட்சத்திரம், டி, நட்சத்திரம், எஸ், நட்சத்திரம், எம், நட்சத்திரம்’ (M*t*s*m*) என்று மெய்யெழுத்துகளை மட்டும் நிறுத்தித் தேடினால் மேலே சொன்ன வடிவங்கள் எல்லாம் ஒன்றாக வந்துவிடும். வீரப்பன், வீரன் போன்ற பெயர்களுக்கு முதலெழுத்து ‘வி’யாகவும் ‘டபிள்யூ’வாகவும் இருக்கலாம். ‘ழ’ வரும் பெயர்களுக்கு ‘எல்’, ‘ஆர்’, ‘இசட்’ மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

இனப் பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலும் அதற்கு முந்தியவற்றிலும் ‘மலபார்’ என்று வந்தால் பெரும்பாலும் தமிழரைக் குறிக்கும், கேரளத்தை அல்ல. இலங்கையின் டச்சு, ஆங்கில ஆவணங்களிலும் பிரெஞ்சுத் தீவுகளிலும் இந்த வழக்கு உண்டு. ‘ஜென்டூ’ என்றால் சென்னை மாகாணத்தில் தெலுங்கர். மலேயாவின் பழைய காகிதங்களில் ‘கிளிங்’ என்று வரும். பட்டியல்களைத் தேடும்போது இந்தச் சொற்களையும் போடுங்கள்.

நான்காம் படி: ஃபேமிலி சர்ச்சை இடம் வழியாகத் திறப்பது

இது கட்டணமில்லாத தளம். கணக்கு தொடங்கினால் போதும். பலரும் முகப்பில் பெயரைத் தட்டி, ஒன்றும் வராமல் விட்டுவிடுகிறார்கள். பெயர்த் தேடலில் வருவது அட்டவணை போடப்பட்ட பதிவுகள் மட்டுமே. அட்டவணை போடாத படங்கள் பல மடங்கு அதிகம். அவற்றை அடைய ‘கேட்டலாக்’ பகுதிக்குப் போய், இடம் என்ற பெட்டியில் நாடு, மாநிலம், மாவட்டம், ஊர் என ஒவ்வொரு மட்டத்திலும் தனித்தனியாகத் தேடுங்கள். மாவட்டத்தின் கீழ் இருப்பது ஊரின் கீழ் காட்டாது, ஊரின் கீழ் இருப்பது மாவட்டத்தின் கீழ் காட்டாது. பழைய ஆங்கில எழுத்து, புதிய எழுத்து இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

பதிவின் பக்கத்தில் கேமரா குறி இருந்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். கேமராவின் மேல் சாவி இருந்தால், அந்தப் படத்தைப் பார்க்க அவர்களுடைய மையத்துக்கோ இணைப்பு நூலகத்துக்கோ நேரில் போக வேண்டும். அது தளத்தின் கோளாறு இல்லை. ஆவணத்தின் உரிமையாளர் போட்ட நிபந்தனை.

சென்னை மறைமாவட்டப் புராட்டஸ்டன்ட் தேவாலயப் பதிவுகள் 1743-இலிருந்து இந்தத் தளத்தில் இருக்கின்றன. கிறிஸ்தவக் குடும்பங்கள் அங்கே தொடங்கலாம். ஆங்கிலோ-இந்தியர்களுக்கும் கம்பெனி, ரயில்வே ஊழியர்களுக்கும் ‘ஃபிபிஸ்’ என்ற பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் இலவசத் தரவுத்தளமும், ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளும் உண்டு. மற்றவர்களுக்கு இவற்றால் பெரிய பயன் இல்லை.

தமிழ்நாடு: நிலத்தின் வழியே தலைமுறைகள்

பிறப்பு, இறப்புப் பதிவு நாடு முழுக்க ஒரே சட்டத்தின் கீழ் வந்தது 1969-இல்தான். அதற்கு முந்தைய கிராமத்துப் பதிவுகள் இணையத்தில் அரிது. பலருடைய பிறப்பு பதிவாகவே இல்லை. ஆகவே நிலத்துக்குப் போவோம். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்றை, அதாவது ஒரு நிலத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியலை, கட்டணமின்றிப் பார்க்கலாம்.

1. மின் சேவைகள் பகுதியில் வில்லங்கச் சான்று காண்பதைத் தேர்ந்தெடுங்கள்.
2. மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள்.
3. தொடக்க தேதியை 1975 ஜனவரி 1 என்று போடுங்கள். கணினியில் உள்ளவை பெரும்பாலும் அந்த ஆண்டு முதலானவை.
4. கிராமத்தைத் தேர்ந்து புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள்.

‘பதிவுகள் ஏதுமில்லை’ என்று வந்தால் உடனே கைவிட வேண்டாம். மூன்று காரணங்கள் இருக்கலாம். அந்தக் கிராமம் முன்பு வேறு சார்பதிவகத்தின் எல்லைக்குள் இருந்திருக்கலாம். பக்கத்து அலுவலகத்தைத் தேர்ந்து மறுபடி தேடுங்கள். உட்பிரிவு எண் பின்னால் வந்ததாக இருக்கலாம். உட்பிரிவை விட்டுவிட்டுப் புல எண்ணை மட்டும் போடுங்கள். அல்லது புல எண்ணே மாறியிருக்கலாம். வருவாய்த்துறையின் இணையச் சேவையில் ‘அ-பதிவேடு’ (கிராமத்து நிலங்களின் புல எண் வாரியான பதிவேடு) பார்த்தால், பழைய புல எண்ணுக்கென்று ஒரு கட்டம் இருக்கும். அதை வைத்துப் பழைய எண்ணில் தேடுங்கள்.

சான்று வந்ததும் தேதியையும் தொகையையும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஆவணத்தின் தன்மையைப் படியுங்கள். பாகப் பிரிவினை என்றால் சகோதரர்கள் அனைவரும், இறந்துபோன சகோதரரின் பிள்ளைகளும் ஒரே பத்திரத்தில் வருவார்கள். விடுதலைப் பத்திரம் என்றால் பெண்கள் வருவார்கள். கல்யாணமாகி வேறு ஊர் போன அத்தைகள், பாட்டிகள் ஆகியோரின் பெயர், கணவர் பெயர், அன்றைய முகவரி எல்லாம், அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்த அந்தக் காகிதத்தில்தான் கிடைக்கும். ஆண்களின் பெயராகவே நீளும் வம்சாவளியில் பெண்களைக் கண்டெடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை. ‘முந்தைய ஆவண எண்’ என்ற கட்டத்தில் ஓர் எண்ணும் ஆண்டும் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1975-க்கு முந்தைய அந்தப் பத்திரத்தின் நகலுக்குச் சார்பதிவகத்தில் விண்ணப்பிக்கலாம். பழைய பத்திரங்களில் ‘இன்னார் பேரன், இன்னார் மகன்’ என்று எழுதும் வழக்கம் இருந்ததால், ஒரே பத்திரம் மூன்று தலைமுறையைத் தந்துவிடும்.

இன்னும் பின்னே போக வேண்டுமானால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் செட்டில்மென்ட் (நிலவரி நிர்ணயப்) பதிவேடுகளும் இனாம் பதிவேடுகளும்தான் வழி. 1858-இல் தொடங்கிய இனாம் கமிஷன், வரியில்லா நிலம் வைத்திருந்தவர்களை விசாரித்துக் கிராமம் வாரியாக எழுதியது. கோயில் பணியாளர், கிராம ஊழியர், புலவர், மருத்துவர் எனப் பரம்பரை மானியம் பெற்ற குடும்பங்கள் அதில் வரும். நிலமே இல்லாத குடும்பங்களுக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது என்பது கசப்பான உண்மை. அவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும், தேவாலயப் பதிவும், கடல் கடந்தவர் யாராவது இருந்தால் அந்தக் கப்பல் பேரேடும்தான் துணை.

வாக்காளர் பட்டியலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டின் 2002, 2005 ஆண்டுகளின் பட்டியல்கள் தேர்தல் அதிகாரியின் தளத்தில் வெளியாகியுள்ளன. வீட்டு எண், தந்தை அல்லது கணவர் பெயர், வயது மூன்றும் அதில் உண்டு. 2002-இல் 75 வயது என்றால் 1927 வாக்கில் பிறந்தவர்; அவருடைய தந்தை பெயர் உங்களை 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்கே கொண்டுபோய்விடும். ஆனால் அந்த வயது பெரும்பாலும் உத்தேசம். ஐந்து ஆண்டு முன்பின் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரி, காரைக்கால், பிரெஞ்சுத் தீவுகள்

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த தமிழர்களுக்கு சென்னை மாகாணத் தமிழருக்கு எளிதில் கிடைக்காத ஒரு வசதி உண்டு: பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் பதிந்த குடிமைப் பதிவேடுகள். பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் தேசிய ஆவணக் காப்பகம் இவற்றைப் படமெடுத்து இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. அதன் பெயர்ச் சுருக்கம் ‘அனோம்’. குடிமைப் பதிவுப் பகுதியில் முதலில் பிரதேசம், அடுத்து ஊர், அடுத்து ஆண்டு. ‘நெசான்ஸ்’ என்றால் பிறப்பு, ‘மரியாஜ்’ திருமணம், ‘தெசே’ இறப்பு.

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டத் தேவையில்லை. ஆண்டுப் பதிவேட்டின் கடைசியில் பெயர் வரிசைப் பட்டியல் இருக்கும். பத்தாண்டுக்கு ஒருமுறை தொகுத்த பட்டியலும் பல இடங்களில் உண்டு. தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லாததால், அவர்களை இடுபெயரின் முதலெழுத்தில் சேர்த்திருப்பார்கள். கண்டுபிடித்த திருமணப் பதிவில் மணமக்களின் பெற்றோர் நால்வரும் இருப்பார்கள். ஆகவே பிறப்பைவிடத் திருமணத்தை முதலில் தேடுங்கள்.

1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணைக்குப் பின், புதுச்சேரியில் பலர் தங்கள் இனவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வந்தார்கள். ‘ரெனோன்சான்’ எனப்பட்ட அவர்கள் அப்போது ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொண்டார்கள். அந்த ஆண்டுவாக்கில் உங்கள் குடும்பம் திடீரென மறைந்தால், புதிய பெயரில் தேடுங்கள். அன்றைய அரசிதழ்கள் பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் ‘காலிகா’ தளத்தில் கிடைக்கும்.

மார்த்தினிக்கிற்கு முதல் இந்தியத் தொழிலாளர் கப்பல் 1853-இலும், குவாதலூப்பிற்கு 1854-இலும் போய்ச் சேர்ந்தன. காரைக்கால், புதுச்சேரித் துறைமுகங்களில் ஏறியவர்கள் எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள் இல்லை. தஞ்சை, தென் ஆற்காட்டு உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் ஏராளம். ‘பிறந்த இடம்: காரைக்கால்’ என்று தீவில் எழுதியிருந்தால், அது ஏறிய துறைமுகமாகவும் இருக்கலாம் என்று நினைவில் வையுங்கள்.

இலங்கை: கல்வெட்டும் பிறப்புச் சான்றும்

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வன்னிக் குடும்பங்களுக்கு முதல் வாசல் ‘நூலகம்’ எண்ணிம நூலகம். ஊர் வரலாறுகள், பாடசாலை மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள் என்று ஊர் வாரியாக அள்ளலாம். அங்கே நேராகப் போக வேண்டியது நினைவு வெளியீடுகளுக்கு. ஒருவர் இறந்து 31-ஆம் நாள் அச்சிட்டு வழங்கும் நினைவு மலரை யாழ்ப்பாணத்தில் ‘கல்வெட்டு’ என்பார்கள். ‘இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் மருமகனும், இன்னாரின் பாசமிகு தந்தையும்’ என்று உறவு முழுவதும் அதில் அச்சாகியிருக்கும்; பலவற்றில் வம்சாவளியே தனிப் பக்கமாக இருக்கும். இறந்தவரின் பெயரில் மட்டும் தேடாமல் ஊர்ப் பெயரில் தேடுங்கள். சம்பந்தியின் கல்வெட்டில் உங்கள் குடும்பம் இருக்கும்.

இலங்கைப் பிறப்புச் சான்றின் கீழ்க் கட்டங்களைப் பலர் படிப்பதே இல்லை. பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம். தந்தை இலங்கையில் பிறக்காவிட்டால் பூட்டனார் (கொள்ளுத்தாத்தா) பற்றிய அதே விவரம் என்று கேட்கும் கட்டங்கள் அவை. குடியுரிமையை நிறுவக் கேட்ட கேள்வி, இன்று நமக்கு வம்சாவளியாகப் பயன்படுகிறது.

டச்சுக்காரர் காலத்துத் தோம்புகள் இன்னும் ஆழமானவை. தலைத் தோம்பில் குடும்பத்தவர்கள், நிலத் தோம்பில் அவர்களுடைய காணிகள். இவை கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. படிக்கப் பழைய டச்சு எழுத்து தெரிந்தவர் தேவை.

மலையகக் குடும்பங்களுக்கு வழி வேறு. 1949-ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டத்தின்படி குடும்பத் தலைவர்கள் விண்ணப்பித்தார்கள். 1964 அக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பின், இந்தியக் குடியுரிமை கேட்டவர்களுக்குக் கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகம் கடவுச்சீட்டு கொடுத்தது. தலைமன்னாரில் ஏறி ராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாம் வழியே வந்த குடும்பங்களிடம் இருக்கும் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் பொக்கிஷம். சொந்த ஊர், வட்டம், குடும்பத்தினர் வயது எல்லாம் அவற்றில் கிடைக்கும். தோட்டத்தின் பெயரைத் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மக்கள் வாயில் தமிழ்ப் பெயர், கம்பெனி ஏட்டில் ஆங்கிலப் பெயர். இரண்டையும் தெரிந்தவர் அந்தத் தோட்டத்துப் பெரியவர்கள்தான். அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

நேட்டால்: ஒரு வரியைப் படிப்பது

1860 நவம்பர் 16-இல் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்தது முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தவர். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இந்தக் கப்பல் பட்டியல்களைக் கணினியில் ஏற்றியிருக்கிறது.

ஒரு வரியில் இப்படிக் கட்டங்கள் வரும்: எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாணா, கிராமம், அடையாளத் தழும்பு, முதலாளி. ‘தாணா’ என்பதை வட்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைவிட அடுத்தடுத்த எண்களைக் கவனியுங்கள். குடும்பமாகப் போனவர்களுக்கு எண்கள் தொடர்ச்சியாக இருக்கும். முன்னும் பின்னும் பத்து வரிகளைப் படியுங்கள். ஒரே கிராமத்துக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஏறியிருப்பார்கள். உங்கள் ஆளின் கிராமப் பெயர் புரியாவிட்டால் பக்கத்து வரியில் தெளிவாக இருக்கும். சாதிக் கட்டத்தை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். டிப்போ (கப்பலேறும் முன் தங்கவைத்த முகாம்) எழுத்தர் கேட்டதும் போனவர் சொன்னதும் வேறு வேறாக இருந்திருக்கலாம். மாற்றிச் சொன்னவர்களும் உண்டு.

எண் கிடைத்ததும் தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணைக்குப் போங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தின் குறியீடு ‘என்-ஏ-பி’ (NAB). இந்தியக் குடியேற்றத் துறைக் கோப்புகளுக்கு இரட்டை ‘ஐ’, இறந்தவரின் சொத்துக் கோப்புகளுக்கு ‘எம்-எஸ்-சி-ஈ’. சொத்துக் கோப்பில் உள்ள இறப்பு அறிவிப்பில் பெற்றோர், துணைவர், பிள்ளைகள் பெயர்கள் இருக்கும். அட்டவணையில் கோப்பின் எண் மட்டுமே வரும், படம் வராது. நேட்டாலின் சொத்துக் கோப்புகளில் பலவற்றை ஃபேமிலி சர்ச்சில் படமாகப் பார்க்கலாம்.

மொரீஷியஸ், ஃபிஜி

மொரீஷியஸுக்கு 1834 முதல் ஆட்கள் போனார்கள். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் இந்தியக் குடியேறியவர் பேரேடுகளைப் பாதுகாக்கிறது. 1860-களுக்குப் பிந்தைய பலருக்குப் புகைப்படமும் உண்டு. குடியேறியவர் எண்ணைத் தெரிந்துகொண்டு விண்ணப்பித்தால்தான் வேலை நடக்கும். எண் தெரியாவிட்டால், தீவில் பிறந்த பிள்ளையின் பிறப்புப் பதிவிலோ திருமணப் பதிவிலோ பெற்றோர் பெயருக்குப் பக்கத்தில் பாருங்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களாகப் போன தமிழர்கள் இந்தப் பேரேடுகளில் வரமாட்டார்கள்; அவர்களுக்குத் தேவாலய, குடிமைப் பதிவுகளைத்தான் பார்க்க வேண்டும்.

ஃபிஜிக்கு 1879 முதல் ஆட்கள் போனாலும் சென்னையிலிருந்து கப்பல்கள் போனது 1903 முதல் 1916 வரை மட்டுமே. ஆகவே தேட வேண்டிய கப்பல்கள் குறைவு. சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒவ்வொருவரின் குடியேற்றச் சீட்டும் இருக்கிறது. கப்பலின் பெயரும் சீட்டு எண்ணும் தெரிந்தால் நகல் கேட்கலாம்.

மலேயா, சிங்கப்பூர்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நேட்டாலைப் போல ஆள் வாரியான கப்பல் பேரேட்டை மலேயாவுக்கு எதிர்பார்க்க வேண்டாம். ஒப்பந்த முறை 1910-இல் முடிந்தது. கங்காணிகள் வழியே போனவர்களும் சொந்தச் செலவில் போனவர்களும்தான் அதிகம். உதவி பெற்றுப் போகும் தொழிலாளர்களை 1938-இல் இந்திய அரசு நிறுத்தியது. இங்கே போனவர் பக்கமிருந்து ஊரைக் கண்டுபிடிக்க, பிள்ளைகளின் பிறப்புச் சான்றில் பெற்றோர் பிறந்த இடம், பழைய இந்தியக் கடவுச்சீட்டு, ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது, ஊரிலிருந்து வந்த கடித உறை ஆகியவற்றைத் தேடுங்கள். உறையில் உள்ள அஞ்சல் முத்திரை ஒன்றே போதும், ஊர் தெரிந்துவிடும்.

சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’ தளத்தில் பழைய ஆங்கில நாளிதழ்களோடு தமிழ் முரசும் 19-ஆம் நூற்றாண்டின் சிங்கை நேசனும் உள்ளன. மரண அறிவித்தல், திருமண வாழ்த்து, சங்கக் கூட்டச் செய்தி இவற்றில் பெயர்கள் கொட்டிக் கிடக்கும். தமிழ் எழுத்தை இயந்திரம் படிப்பதில் பிழை மிகுதி. ஆகவே சொல்லைத் தேடி ஏமாறாமல், நிகழ்வு நடந்த தேதிக்கு அடுத்த ஒரு வார இதழ்களைக் கண்ணால் புரட்டுங்கள்.

கண்டது நம்மவர்தானா என்று சோதிப்பது

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். மாரியப்பன் மகன் பெருமாள், பெருமாள் மகன் மாரியப்பன், அவர் மகன் மறுபடி பெருமாள். பெயரும் தந்தை பெயரும் பொருந்திவிட்டது என்று துள்ளிக் குதித்தால், அது நம் ஆளின் பேரனாக இருப்பார். வயதோ ஆண்டோ பொருந்த வேண்டும். அத்துடன் ஊர், துணைவர், உடன்பிறந்தவர் ஆகியவற்றில் ஒன்றாவது பொருந்த வேண்டும். மற்றவர்கள் இணையத்தில் ஏற்றிய குடும்ப மரங்களில் ஆவணத்தின் படம் இல்லாத கிளையை எடுத்து ஒட்டாதீர்கள். ஒரு தவறு நூறு மரங்களில் பரவிக் கிடக்கும்.

மரபணுச் சோதனையில் நம்பிக்கை வைப்பவர்களும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அத்தை மகள், மாமன் மகன் திருமணம் தலைமுறை தலைமுறையாக நடந்த குடும்பங்களில் பங்கிட்ட மரபணு கூடுதலாகக் காட்டும். நான்காம் நிலை உறவினர் இரண்டாம் நிலைபோலத் தெரிவார்.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றைப் பொது மரத்தில் ஏற்ற வேண்டாம். எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் ‘ஆண்டு, ஊர், ஆவண வகை, எண்’ என்ற வரிசையில் கோப்புப் பெயர் கொடுத்து, எந்தத் தளத்தில் எத்தனையாவது படம் என்பதையும் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே பக்கத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது.

ஊர் கிடைத்த பிறகு

வெளிநாட்டுப் பேரேட்டில் கிராமம் கிடைத்துவிட்டால் திசை திரும்புகிறது. இனி தமிழ்நாட்டு நில வழிக்கு வாருங்கள்: அந்தக் கிராமத்தின் அ-பதிவேட்டைப் பாருங்கள், செட்டில்மென்ட் பதிவேட்டில் கப்பலேறியவரின் தந்தை பெயரில் பட்டா இருந்ததா என்று தேடுங்கள். ஊரில் இருப்பவர்களைத் தொடர்புகொள்ளும்போது, சொத்தில் பங்கு கேட்டு வருகிறார்களோ என்ற அச்சம் அவர்களுக்கு முதலில் வரும். அது நியாயமானதே. ஆகவே நிலத்தைப் பற்றிக் கேட்டுத் தொடங்காதீர்கள். கப்பல் பேரேட்டின் அந்த ஒரு வரியைத் தமிழில் எழுதி, மூலப் படத்தோடு சேர்த்து, கோயில் நிர்வாகிகளிடம் கொடுங்கள். ‘இந்த வயதில் இந்த ஆண்டில் இவர் போனார், இவர் தந்தை இன்னார், இந்த வகையறா இன்னும் ஊரில் இருக்கிறதா’ என்று கேளுங்கள். தலைக்கட்டு நோட்டை எடுத்துப் பார்த்து, அதே பெயரை இன்று சுமப்பவர் யார் என்று அவர்களே சொல்வார்கள்.